கைமாறிய பெட்டியும் பழைய எண்ணெயும்

வேலணையிலிருந்து கமக்காரர் ஒருவர் நமக்கு வினா ஒன்று விடுத்துள்ளார். வன்னியிலே பல ஆண்டுகள் உழைத்த உழவு இயந்திரப் பெட்டி ஒன்றை அவர் விலைக்கு வாங்கியிருக்கிறார். தானே எழுந்து பின்புறமாகச் சாய்ந்து மண்ணையும் எருவையும் கொட்டிவிடும் வகையைச் சேர்ந்த பெட்டி அது. விற்றவர் தமது இயந்திரத்திற் பூட்டிக் காட்டியபோது குறைவின்றித் தூக்கியதாம். "தூக்கும் உருளையினுள் பழைய எண்ணெய் கிடக்கிறது. அதை முழுவதும் அகற்றிக் கழுவத்தான் வேண்டுமா? இருப்பதோடு புதிய எண்ணெய் சிறிது சேர்த்துக்கொண்டால் ஆகாதா?" என்று கேட்கிறார்.

தமது இயந்திரத்தில் இன்னும் பூட்டவில்லை என்றும் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியைக் கண்ட பின்பே நமக்கு மனம் ஆறிற்று. பூட்டுமுன் கழுவத்தான் வேண்டும் என்பதே நம் விடை. அதன் காரணம் பெட்டியிலன்று, இயந்திரத்திலே இருக்கிறது.

பெட்டி எழும் விதத்தை முதலிற் சொல்லிவிடுவோம். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமற் செல்லும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17ஆம் நூற்றாண்டிலே கண்ட உண்மை. இங்கிலாந்தின் யோசப் பிரமா 1795இல் அதைக்கொண்டு பேரழுத்தி ஒன்றை அமைத்து உரிமை பெற்றார். மாணவர்கள் பௌதிகப் புத்தகத்திற் காணும் பிரமா அழுத்தி அதுவே. பெட்டியின் அடியிலுள்ள உருளையின் உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அதன் முகப்பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 100 கிலோகிராம் அழுத்தத்தில் எண்ணெய் வந்தால் 7,800 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் விசை பிறக்கிறது. மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தம் அதே அளவையில் ஏறத்தாழ 2 கிலோகிராம்தான் என்பதை எண்ணினால், அந்த மெல்லிய குழாய்க்குள் ஓடுவது எத்தகையது என்பது புலப்படும்.

பிரமாவின் காலத்தில் உருளைக்குள் ஓடியது வெறுந் தண்ணீர். 'ஹைட்ரோலிக்' என்ற சொல்லே தண்ணீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், உராயும் பாகங்களுக்கு வழுக்கலும் தராது. ஆதலால் காலப்போக்கில் எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. தண்ணீரின் பெயரைச் சுமந்து நிற்கும் இக்கருவிக்கு இன்று தண்ணீரே முதற் பகை என்பது ஒரு வேடிக்கை.

நம் பகுதியில் வயலிலும் தெருவிலும் நீண்டகாலமாக ஓடுபவற்றிற் பெரும்பாலானவை பேர்குசன் வழிவந்த இயந்திரங்கள். அயர்லாந்திற் பிறந்த ஹரி பேர்குசன், கலப்பையையும் இயந்திரத்தையும் ஓருடலாக்கி எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் முறைக்கு 1926இல் உரிமை பெற்றவர். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட அவரது சாம்பல் நிறச் சிறு இயந்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பின்னர் மசி பேர்குசன் என்ற பெயரில் வந்த 35, 135 ஆகியவையும், 1960இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே நிறுவனத்தின் இயந்திரங்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இக்குடும்பத்தின் இயல்பொன்றை ஓட்டுபவர்களிற் பலர் அறியார். பின்புறத்துப் பெரிய இரும்புக் கூட்டினுள்ளே கியர்ச் சக்கரங்கள் சுழல்கின்றன. அவற்றின் கீழே எண்ணெய்ப் பம்பியும் இருக்கிறது. இரண்டுக்கும் எண்ணெய் ஒன்றே. கலப்பையை உயர்த்துவதும், பெட்டியைச் சாய்ப்பதும், கியர்ப் பற்களுக்கு வழுக்கல் தருவதும் அதே முப்பதுக்கு மேற்பட்ட லீற்றர் எண்ணெய்தான். பிற்காலத்து இயந்திரங்கள் சிலவற்றில் பிரேக்குத் தட்டுகளும் அதே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. ஹைட்ரோலிக்குக்கெனத் தனித் தாங்கி உள்ள இயந்திரங்களும் உண்டு. எது எவ்வகை என்பதைக் கையேட்டிற் பார்த்துக்கொள்க.

இனிப் பெட்டியைப் பூட்டுவதால் நிகழ்வதை நோக்குவோம். நெம்பை உயர்த்தியதும் இயந்திரத்தின் நல்ல எண்ணெய் குழாய் வழியே உருளைக்குட் செல்கிறது. பெட்டி எழுகிறது. நெம்பைத் தாழ்த்தினால் பெட்டியின் பாரமே எண்ணெயை வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது. போன எண்ணெய் மட்டுமா திரும்பும்? உருளையின் அடியிலே முந்திய சொந்தக்காரர் காலந்தொட்டுக் கிடந்த சேறும், துருவும், தண்ணீரும், தேய்ந்த இறப்பர்த் துகளும் அதனோடு கலந்து வருகின்றன. ஒருமுறை ஏற்றி இறக்கினாற் போதும். வன்னிப் பெட்டியின் பத்து வருட அழுக்கு வேலணை இயந்திரத்தின் கியர்களுக்கு நடுவே குடிபுகுந்துவிடும். பின்பு வெளியேற்றுவதானால் முப்பது லீற்றரையும் ஊற்றிவிட்டுப் புதிது வாங்க வேண்டும். பெட்டியை மட்டும் கழுவச் சில லீற்றரே போதும்.

அழுக்கு என்றதும் கண்ணுக்குத் தெரியும் மண்ணை நினைத்தல் ஆகாது. பம்பியின் பாகங்களுக்கும் வால்வுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறு என்ற கணக்கிலே சிலவே. மனிதத் தலைமயிரின் பருமன் அக்கணக்கில் ஏறத்தாழ 70. கண்ணுக்குத் தெரியும் துகளிலும் தெரியாத துகளே பம்பிக்குக் கொடியது. அது இடுக்கிற் புகுந்து அரைத்துக்கொண்டிருக்கும். பேர்குசன் வகையிற் பம்பியோ இயந்திரத்தின் வயிற்றினுள்ளே இருப்பது. அதைத் தொடுவதற்கே மேல்மூடியைக் கழற்றித் தூக்க வேண்டும். அந்த வேலை ஐப்பசி மழையில், வயல் உழவுக்குக் காத்திருக்கும் வாரத்தில் வந்து வாய்த்தால் எப்படியிருக்கும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

பழைய எண்ணெயின் நிலையை வீட்டிலேயே அறியலாம். மாணவர்கள் இதைச் செய்து பார்ப்பது நன்று. வெள்ளைக் கண்ணாடிப் போத்தலொன்றில் சிறிது எடுத்து ஓரிரவு அசையாமல் வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியிற் படியும். பாலில் தேயிலை கலந்தாற்போல நிறம் மாறி இருந்தால், தண்ணீர் எண்ணெயுடன் பிரியாமற் கலந்துவிட்டது என்பது பொருள். வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டு அதன்மேற் காந்தத்தை நகர்த்தினால் இரும்புத் தூள் ஒட்டும். சூடான இரும்புத் தட்டிலே ஒரேயொரு துளி விட்டால், தண்ணீர் கலந்த எண்ணெய் தாளிக்கும் சட்டியிலே நீர் தெறித்தாற்போலப் பொரியும். இதை முற்றத்திலே பெரியவர்கள் செய்யட்டும். சமையற் சட்டியை எடுத்து, வீட்டிலுள்ளோரின் கோபத்துக்கு ஆளாகாதிருப்பதும் நல்லது.

தீவுப்பகுதிப் பெட்டிகளில் தண்ணீர் இருப்பது வியப்பன்று. உப்புக்காற்று ஓயாமல் வீசும் ஊர். உருளையினின்று வெளியே நீளும் பளபளத்த தண்டின் மேற்பூச்சை உப்பு அரித்துக் குழிகள் இடுகிறது. அக்குழிகள் ஒவ்வொரு தடவை உள்ளே செல்லும்போதும் 'சீல்' எனப்படும் இறப்பர் வளையத்தைக் கீறுகின்றன. கீறல் வழியே எண்ணெய் வெளியே வரும், மழைநீர் உள்ளே போகும். பெட்டியை நிறுத்திவைக்கும்போது தண்டு முழுவதும் உள்ளே அடங்கியிருக்குமாறு இறக்கிவைப்பவரின் உருளை நீண்டநாள் உழைப்பது இதனாலேதான்.

கழுவும் முறைக்கு வருவோம். பெட்டியைச் சாசியில் அமர்ந்திருக்கும்படி இறக்கிவிட்டுக் குழாயைக் கழற்ற வேண்டும். பின் பெட்டியைச் சங்கிலிக் கப்பியால் உயர்த்தி, இருபுறமும் உறுதியான மரமுட்டுக் கொடுத்து, உருளையைத் தனியே எடுத்துவிடுவதே சிறந்தது. உயர்ந்து நிற்கும் பெட்டியின் கீழே முட்டின்றி எவரும் தலை நுழைத்தல் கூடாது. எண்ணெய் தாங்குகிறது என்று நம்பிக் கீழே நுழைந்தவர்கள் பல நாடுகளில் உயிரிழந்திருக்கிறார்கள். குழாய் ஒன்று வெடித்தாற் பெட்டி வீழக் கண்ணிமைக்கும் நேரமே போதும்.

கழற்றிய உருளையின் வாயைக் கானொன்றின்மேல் சரித்துத் தண்டை மெல்ல உள்ளே தள்ளினால் உள்ளேயிருப்பது வெளியேறும். வெயிலிற் கிடந்து சற்றுச் சூடேறியிருந்தால் அழுக்கும் கலங்கி வரும். இவ்வளவு செய்த பின்னும் உள்ளே சுவரில் ஒட்டியும் அடியிலே தேங்கியும் ஒரு லீற்றர் எஞ்சியிருக்கிறதென வைத்துக்கொள்வோம். கழுவுவதற்கென நம்மிடம் இருப்பது 5 லீற்றர் புதிய எண்ணெய். எப்படிக் கழுவுவது?

ஐந்தையும் ஒரே தடவையில் ஊற்றிக் கலக்கி வெளியேற்றினால், எஞ்சும் ஒரு லீற்றரில் ஆறிலொரு பங்கு பழைய எண்ணெய். இரண்டரை லீற்றராக இருமுறை கழுவினால் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு லீற்றராக ஐந்து முறை கழுவினாலோ ஒவ்வொரு முறையும் பாதி பாதியாகக் குறைந்து, இறுதியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கே மிஞ்சும். எண்ணெயின் அளவு ஒன்றே, செலவும் ஒன்றே, பயன் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அரிசியை ஒரு பெரும் பானைத் தண்ணீரில் ஒருமுறை அலசாமல், சிறிது சிறிதாக மூன்று நான்கு தடவை களையும் நம் வீட்டுப் பெண்கள் இக்கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. தண்ணீர் அருமையான தீவில் வாழ்ந்தவர்களுக்கு அது தானே வந்திருக்கும் போலும்.

ஒவ்வொரு முறையும் ஒரு லீற்றரை விட்டு, இருவர் சேர்ந்து உருளையை முன்னும் பின்னும் சரித்து, தண்டை இழுத்தும் தள்ளியும் எண்ணெயை எல்லாப் பக்கமும் படச்செய்து, பிறகே வெளியேற்ற வேண்டும். தள்ளும்போது வாய்ப்பக்கத்தில் முகத்தை வைக்கலாகாது. வெளியேறியதில் சிறிதைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் புதிய எண்ணெயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எப்போது நிறுத்தலாம் என்பது தெரியும். ஐந்து முறைக்குப் பின்னும் கறுத்தோ பால்நிறமாகவோ வந்தால், கழுவுவதை விட்டு உருளையைப் பிரித்துத் துடைத்துச் சீல்களை மாற்றுவதே வழி. சுவரில் இறுகிப் படிந்த பிசின் கழுவிப் போகாது.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாமே, மலிவாயிற்றே என்பர் சிலர். அதில் நமக்கு உடன்பாடில்லை. முற்றும் வடியாத மண்ணெண்ணெய் புதிய எண்ணெயை நீர்க்கச் செய்து அதன் வழுக்கலைக் கெடுக்கும். பெற்றோலை எண்ணவே கூடாது. பிரேக்குத் திரவத்தை ஊற்றுவதும் பெருந்தவறு. அதுவும் அழுத்தம் கடத்தும் திரவந்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வாகனங்களின் சாதாரண பிரேக்குத் திரவம் கனிய எண்ணெய் அன்று. ஒன்றுக்கென்று செய்த இறப்பர் மற்றதிலே ஊறிப் பருத்து உருவிழந்துவிடும். இயந்திரத்தின் கையேடு எந்த எண்ணெயைக் குறிக்கிறதோ அதனாலேயே கழுவுக. பழைய இறப்பர்க் குழாயைப் பொறுத்தவரை, கழுவுவதிலும் புதிது வாங்குவதே மேல். உள்ளே உதிரும் இறப்பரைக் கழுவிக்கொண்டே இருக்க முடியாது.

எல்லாம் பூட்டியபின், வெறும் பெட்டியைச் சிலமுறை மெதுவாக ஏற்றி இறக்கினால் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறும். எண்ணெய் மட்டத்தைப் பெட்டி இறங்கியிருக்கும் போதே பார்க்க வேண்டும். முன்னே சொன்ன 10 சென்ரிமீற்றர் உருளையின் தண்டு ஒரு மீற்றர் நீண்டால் ஏறக்குறைய 8 லீற்றர் எண்ணெய் பெட்டிப் பக்கம் போய்விடுகிறது. அவ்வேளை மட்டம் குறைந்ததென்று மேலும் ஊற்றியவர், பெட்டி இறங்கியதும் எண்ணெய் பொங்கி வழியக் காண்பார்.

குழாயிற் கசிவு உண்டோ என்று கையால் தடவிப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றியும் எழுதாமல் விட முடியவில்லை. ஊசித்துளை வழியே அந்த அழுத்தத்திற் பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே எறும்பு கடித்த அளவு தடமே தெரியும். நோவும் முதலில் அதிகம் இராது. உள்ளேயோ தசை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். கசிவைத் தேடுவதற்கு ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் தோலினுள் ஏறியதென ஐயம் தோன்றினாலும், காலை வரை பார்ப்போம் என்றிராமல் அன்றே யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்குப் போய், "அழுத்த எண்ணெய் ஏறிவிட்டது" என்ற சொல்லையே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். புண்ணை மட்டும் காட்டினால் அதன் ஆழம் வெளியே தெரியாது.

இனி, கானிலே சேர்ந்திருக்கும் பழைய எண்ணெய்க்கு வருவோம். நேயர் இதைப் பற்றி வினவவில்லை; ஆயினும் வேலணையில் இருப்பவருக்கு இதுவே பெரிய விடயம் என்பது நம் எண்ணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே தீவுகளிலும் வற்றாத ஆறில்லை. மாரியிற் பெய்யும் மழை மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இறங்கி, கடலிலிருந்து ஊறிய உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது. உப்புநீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆதலால் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நிற்கும். நெதர்லாந்தின் கைபன் 1888இலும் ஜேர்மனியின் எர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே எடுத்துரைத்த கணக்கு இது. நம் தீவுக்குத் தமது லைடன் நகரின் பெயரை இட்டுச் சென்ற ஒல்லாந்தரின் நாட்டிலேயே இக்கணக்கும் பிறந்தது ஒரு பொருத்தந்தான். சாட்டிப் பக்கத்து நன்னீர் தீவுப்பகுதியின் பிற ஊர்களுக்கும் தாகம் தீர்த்திருக்கிறது. மிதக்கும் அந்த மெல்லிய நீரின் மேற்பரப்பைத்தான் நம் கிணறுகள் தொட்டு நிற்கின்றன. நிலத்தில் ஊற்றும் எண்ணெய் முதலிற் போய்ச் சேர்வதும் அங்கேதான். சுண்ணாம்புக் கல் வெடிப்பும் குகையும் நிறைந்தது, வடிகட்டும் தன்மை அதற்குக் குறைவு.

சுன்னாகத்தில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்நிலையச் சூழலிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து கிணறுகள் பல கெட்டன. வழக்கு இலங்கை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயிற்று. பணத்தைக் கொண்டு கிணற்றைத் துலக்க இயலுமா என்பது வேறு கேள்வி. அது பெரிய நிலையம், நம்முடையது ஒரு கான்தானே என்று தோன்றலாம். அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம், வண்டி ஒன்றில் ஒருமுறை மாற்றிய பழைய எண்ணெயே பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று மக்களை எச்சரிக்கிறது.

ஆகவே வேலியோரத்திலும், எருக்கிடங்கிலும், ஒழுங்கையிற் புழுதி அடங்கவும் ஊற்றுதல் வேண்டா. கறையானுக்கு மருந்தென்று வேலித் தூண்களுக்குப் பூசும் பழக்கமும் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஆகாது. முதல் மாரியிலே அது கரைந்து இறங்கும். கழுவும் வேலையைத் தரப்பாள் அல்லது தகரம் விரித்து, கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளிச் செய்க. சிந்தியதை மரத்தூளால் ஒற்றி எடுத்துச் சாக்கிலே கட்டுக. கழுவிய 5 லீற்றரும் முதலில் வடித்ததும் ஒரே கானில் இருக்கலாம். பிரேக்குத் திரவமும் பெற்றோலும் அதிற் கலக்கலாகாது, கலந்தால் எடுப்பவர்கள் ஏற்கமாட்டார்கள். யாழ்ப்பாணம் போகும் நாளில், பழைய எண்ணெய் சேர்க்கும் கராச்சொன்றில் அதைக் கொடுத்துவிடலாம். அதுவரை கானை நிழலில், இறுக மூடி, பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வைத்து, என்னவென்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுக. தேங்காயெண்ணெய் வந்த கானாக இருந்தால் பழைய தாளை முதலிற் கிழித்துவிடுக.